சம்பளமும் குடுத்து திட்டும் வாங்க ஒரு ஆள் தேடுறாங்க

கத்தோலிக்க சர்ச்சுல ஃபாதர் மாறணும்னா பிஷப் ஒரு லெட்டர் போடுவார், பழையவர் பெட்டியக் கட்டுவார், புதுசா ஒருத்தர் வந்து இறங்குவார், ஜனங்களுக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு யாரும் கேக்கப் போறதில்ல. அமெரிக்க யூதர்கள்கிட்ட அந்தக் கதையே கிடையாது. போப்பும் இல்ல பிஷப்பும் இல்ல, ரப்பிங்கற மதகுருக்கள் உண்டு, ஆனா நாட்டுக்கே ஒரு தலைமை ரப்பின்னு யாரும் இல்ல. சினகாக்குங்கற யூதக் கோயில் மெம்பர்கள் சந்தா கட்டி நடத்துற ஒரு சங்கம், அதுக்குத் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, போர்டுங்கற நிர்வாகக் குழு உண்டு, வருஷா வருஷம் பட்ஜெட் சண்டையும் உண்டு. ரப்பி அந்தச் சங்கம் காண்ட்ராக்ட் போட்டு வேலைக்கு வைக்கிற ஆள். அவர் போயிட்டா அடுத்த ஆள அவங்களேதான் தேடிப் புடிக்கணும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, இங்க நியூஜெர்சில என்கூட வேலை பாக்குற ஒரு அம்மாவ அவங்க சினகாக்ல ரப்பி தேடுற கமிட்டில சேத்துட்டாங்க. ரிஃபார்ம் பிரிவு, அதாவது காலத்துக்கேத்த மாதிரி வழக்கங்கள மாத்திக்கறவங்க, நடுத்தரமான சைஸ் சபை. ரொம்ப காலமா இருந்த ரப்பி ரிட்டயர் ஆகப் போறேன்னு சொல்லிட்டார். அதுல இருந்து எங்க லன்ச் டேபிள்ல வேற பேச்சே இல்ல. யாரு அப்ளை பண்ணாங்க, எந்த ஊர்லருந்துன்னெல்லாம் வாயத் தொறக்க மாட்டாங்க, ரகசியம் காப்பேன்னு கமிட்டில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிருக்காங்களாம், ஆனா எப்படி நடக்குதுங்கறத சொல்றதுக்குத் தடையில்ல. நான் கேட்டுக் கேட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து படிச்சுப் படிச்சு, இப்ப கூப்பிட்டா நானே ஒரு சினகாக்குக்கு ஆள் எடுத்துக் குடுப்பேன் போல இருக்கு.

இவ்ளோ கேட்டதுல என்னைய விடாமக் குடையுற விஷயம் ஒண்ணுதான். ரப்பியோட வேலைல ஒரு பாதி, ஜனங்க தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்றது. ஆனா அவரத் தேர்ந்தெடுக்கறது, சம்பளம் குடுக்கறது, மூணு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாமா அனுப்பிரலாமான்னு முடிவு பண்றது எல்லாமே அதே ஜனங்க. அப்ப அந்தத் தேர்வுல யாரு ஜெயிப்பா? எல்லாருக்கும் நல்லவனா இருக்கறவன்தானே? இது புதுக் கவலையும் இல்ல. நாலாம் நூற்றாண்டுல வாழ்ந்த அபாயேங்கற பாபிலோனிய ரப்பி சொன்னதா டால்முட்ங்கற பழைய யூதச் சட்ட நூல்ல கெதுபோத் பகுதில வருது, ஒரு பண்டிதர ஊரே கொண்டாடுதுன்னா அவர் அவ்ளோ ஒசத்திங்கறதால இல்ல, கடவுள் காரியத்துல அவர் அவங்கள ஒண்ணும் கண்டிக்கறதில்ல, அதனாலதான்னு. என்னா ஒரு குசும்பு பாருங்க.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். ரப்பி இல்லாமலே யூதர்களால தொழுகை நடத்த முடியும். பத்துப் பேர் சேந்தாப் போதும், அதுக்கு மின்யான்னு பேரு, பழைய வழக்கத்த விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவுல பத்தும் ஆம்பளைங்களா இருக்கணும், மத்த பிரிவுகள்ல பெரும்பாலும் ஆணு பெண்ணு வித்தியாசம் பாக்கறதில்ல. தோராங்கற வேதத்த வாசிக்கறதோ ஜெபத்த நடத்தறதோ தெரிஞ்சவங்க யார் வேணும்னாலும் பண்ணலாம். ரப்பிங்கறவர் பூசாரி இல்ல, படிச்சவர், வாத்தியார், சட்டம் தெரிஞ்சவர். அமெரிக்காவுல முதல் யூத சபை நியூயார்க்ல 1654லயே வந்துருச்சு, ஷியரித் இஸ்ரேல்னு இன்னைக்கும் இருக்கு, ஆனா முறையா ரப்பி பட்டம் வாங்குன ஒருத்தர் அந்த நாட்டுல வந்து இறங்குனது 1840லதான், ஏபிரஹாம் ரைஸ்னு ஒருத்தர், பால்டிமோருக்குப் போனார். நடுவுல கிட்டத்தட்ட 190 வருஷம்! அத்தன காலமும் வியாபாரிங்களும் போர்டு மெம்பருங்களும்தான் எல்லாத்தையும் நடத்துனாங்க. அப்படி ஆண்டு பழகுன கை, ரப்பி வந்தவுடனே சும்மா இருக்குமா.

இருக்கல. ஐசக் மேயர் வைஸ்னு ஒருத்தர், பொஹிமியாவுலருந்து 1846ல வந்து நியூயார்க் மாகாணத்துல ஆல்பனில பெத் எல் சபைக்கு ரப்பி ஆனார். சீர்திருத்தக்காரர், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி, போர்டு தலைவரோட ஒத்துப் போகல. 1850ல யூதப் புத்தாண்டு ரோஷ் ஹஷானாவுக்கு ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்போது போர்டு கூடி உன்ன வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு சொல்லிருச்சு. இவர் நான் ஒத்துக்க மாட்டேன்னு பண்டிகை அன்னைக்குக் காலைல வழக்கம்போல உள்ள போய் தோரா சுருள எடுக்கப் போனார், அந்தத் தலைவர் அத்தன பேர் முன்னாடி ஓங்கி ஒண்ணு வெச்சார், தொப்பி பறந்துச்சு, உள்ளேயே ரெண்டு கோஷ்டியும் கட்டிப் புரண்டுச்சு, கடைசில ஷெரீஃப் ஆள் கூட்டிட்டு வந்து எல்லாரையும் வெளியேத்துனார். புத்தாண்டு அன்னைக்கு!

அந்த அடி வாங்குன மனுஷன் அதோட ஓடிப் போகல. ஆல்பனிலயே ஆதரவாளர்கள வெச்சு வேற சபை ஆரம்பிச்சார், 1854ல சின்சினாட்டிக்குப் போனார், அங்க இருந்துகிட்டு 1873ல சபைகளோட கூட்டமைப்பு, 1875ல ரப்பி படிப்புக்கு ஹீப்ரூ யூனியன் காலேஜ், 1889ல ரப்பிகளோட சங்கம்னு மூணையும் உண்டாக்குனார். இன்னைக்கு ரிஃபார்ம் சினகாக் ஒண்ணுக்கு ரப்பி வேணும்னா இந்த மூணு அமைப்பும் சேந்து நடத்துற ப்ளேஸ்மென்ட் கமிஷன் வழியாத்தான் போறாங்க. அந்தம்மாவோட கமிட்டி ஃபாரம் ஃபில்லப் பண்ணி அனுப்புனது அந்த ஆபீசுக்குத்தான். போர்டு தலைவர்கிட்ட அறை வாங்குனவர் போட்ட ரூட்டுலதான் இன்னைக்குப் போர்டுத் தலைவருங்க ஆள் தேடுறாங்க, எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு.

மேல ஒரு ஆள உக்கார வெச்சு எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தலாம்னு ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாத்தாங்க, அதையும் சொல்லிடறேன். 1888ல நியூயார்க் ஆர்த்தடாக்ஸ் சபைகள் கொஞ்சம் சேந்து வில்னாவுலருந்து ஜேக்கப் ஜோசஃப்ங்கற பெரிய பிரசங்கிய தலைமை ரப்பியா கொண்டு வந்தாங்க. அவர் சம்பளத்துக்குக் காசு வேணுமே, மத விதிப்படி அறுத்த கோஷர் கோழிக்கெல்லாம் ஒரு முத்திரை கட்டி அதுக்கு ஒரு சென்ட்னு போட்டாங்க, அவ்ளோதான், ரஷ்யாவுல ஜார் போட்ட இறைச்சி வரிக்குப் பயந்து ஓடி வந்தா இங்கயும் அதேவான்னு பொம்பளைங்க கொதிச்சுட்டாங்க. கசாப்புக் கடைக்காரங்க ஒரு பக்கம், போட்டி ரப்பிங்க ஒரு பக்கம். நானும் தலைமை ரப்பிதான்னு இன்னொருத்தர் பெயர்ப்பலகை மாட்டிக்கிட்டாராம், உன்ன யாருய்யா தலைமை ரப்பி ஆக்குனதுன்னு கேட்டதுக்கு பலகை எழுதுன பெயின்டர்தான்னு சொன்னார்னு ஒரு கதை உண்டு. பாவம் ஜேக்கப் ஜோசஃப், நோய்வாய்ப்பட்டு வறுமைல 1902ல செத்துப் போனார், உயிரோட இருக்கும்போது கண்டுக்காத ஜனம் சாவுக்குப் பல்லாயிரக்கணக்குல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பதவி எடுபடவே இல்ல.

சரி, இப்ப நடக்குற விஷயத்துக்கு வரேன்.

ரப்பி கிளம்பறேன்னு சாதாரணமா ஒரு வருஷம், சில பேர் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிடுவாங்க. ஏன்னா இதுக்குன்னு ஒரு சீசன் இருக்கு, இலையுதிர் காலப் பண்டிகைகள் எல்லாம் முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சு வசந்தத்துக்குள்ள ஆள் முடிவாகணும், ஜூலை 1 வேலைல சேரணும், அப்பதான் செப்டம்பர் அக்டோபர்ல வர்ற ரோஷ் ஹஷானா, அப்புறம் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு ஆள் ரெடியா இருப்பார். அந்த ரெண்டு பண்டிகைக்குத்தான் வருஷம் பூரா எட்டிப் பாக்காதவனும் வருவான், அன்னைக்கு அவர் பேசறதுதான் அவனுக்குத் தெரிஞ்ச ரப்பி.

ரொம்ப வருஷம் ஒரே ரப்பி இருந்த இடத்துல உடனே அடுத்தவரப் போடாம, நடுவுல ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ இடைக்கால ரப்பி ஒருத்தர வெச்சுப்பாங்க. இதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க. முன்னாடி இருந்தவரோட பிரிவ ஜனங்க ஜீரணிக்க வைக்கிறது, உள்ளுக்குள்ள புகையுற சண்டைய வெளிய எடுக்கறது, கணக்கு வழக்கு நிர்வாகத்தச் சீர் பண்றது இதான் அவங்க வேலை. பெரும்பாலும் இடைக்கால ரப்பி அந்த நிரந்தர வேலைக்கு அப்ளை பண்ணக் கூடாதுன்னு விதி. ரொம்ப புத்திசாலித்தனமான விதின்னு நெனக்கிறேன், இங்கயே தங்கணும்ங்கற ஆச இல்லாதவனாலதான உள்ளத உள்ளபடி சொல்ல முடியும். அந்தம்மா சபைல அப்படி வந்தவர் ஆறு மாசத்துல சொன்ன உண்மைங்க முந்தி இருந்தவர் அத்தன வருஷத்துல சொல்லலயாம்.

அப்புறம் கமிட்டி. இதுல யாரப் போடறதுங்கறதுலயே முதல் சண்டை. சின்னக் கொழந்தைங்க வெச்சிருக்க அப்பா அம்மா ஒருத்தர், வயசானவங்க சார்பா ஒருத்தர், பணம் நெறைய குடுக்குறவர் ஒருத்தர், ஆனா அவர் வாய அடக்கறவரா இருக்கணும், வாராவாரம் வந்து ஜெபம் பண்றவங்க, யூதர் அல்லாத துணைய கல்யாணம் பண்ணவங்க, பழைய ரப்பியோட பரம ரசிகர் ஒருத்தர், அவரப் புடிக்காதவர் ஒருத்தர். அது முடிஞ்சா சர்வே. மெம்பருங்க எல்லாருக்கும் கேள்வித்தாள் போகும், வீட்டு வீட்டா சின்னச் சின்னக் கூட்டம் போட்டு என்ன எதிர்பாக்குறீங்கன்னு கேப்பாங்க. எனக்கு இந்த சர்வே மேல மரியாதையே இல்ல, ஏன்னா பதில் எப்பவும் ஒரே பதில்தான், இளைஞரா இருக்கணும் ஆனா முப்பது வருஷ அனுபவம் வேணும், பசங்களோட விளையாடணும் ஆனா ஆஸ்பத்திரில இருக்குற ஒவ்வொரு பெருசையும் தினம் போய்ப் பாக்கணும், பெரிய அறிஞரா இருக்கணும் பிரசங்கம் பன்னண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது.

கேள்வித்தாள்ல உண்மையாவே வேலைக்காகற விஷயங்க வேற. கலப்புக் கல்யாணம் நடத்தி வெப்பாரா, இது ரிஃபார்ம்ல ரப்பியோட சொந்த முடிவு, ரிஃபார்முக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் நடுவுல நிக்கற கன்சர்வேட்டிவ் பிரிவுல ரப்பிகள் சங்கமே கூடாதுன்னு தடை போட்டிருக்கு. இஸ்ரேல் பத்தி மேடைல எப்படிப் பேசுவார், 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கு அப்புறம் இந்தக் கேள்விய எல்லா சபையும் கேக்குது, பதில் எப்படி வந்தாலும் ஒரு பாதி முகம் சுளிக்குது. பாதுகாப்பு. பிட்ஸ்பர்க்ல 2018ல ட்ரீ ஆஃப் லைஃப் சினகாக்ல ஒருத்தன் 11 பேரச் சுட்டுக் கொன்னான். 2022 ஜனவரில டெக்ஸஸ் கோலிவில்ல ஒருத்தன் துப்பாக்கியோட வந்து ரப்பி சார்லி சைட்ரன் வாக்கரையும் இன்னும் மூணு பேரையும் மணிக்கணக்கா பிணையா புடிச்சு வெச்சான், அவர் நாற்காலியத் தூக்கி அவன் மேல எறிஞ்சுட்டுத் தப்பிச்சார். பல பேருக்குத் தெரியாதது, அந்த நேரத்துல அவர் ஏற்கனவே அந்தச் சபைய விட்டுக் கிளம்பற நெலமைல வேற வேலை தேடிட்டிருந்தார், அதே வருஷம் நார்த் கரோலைனாவுல வின்ஸ்டன் சேலம்ல ஒரு சபைக்குப் போயிட்டார். உலகமே அவரப் பாராட்டிட்டிருக்கும்போது அவர் ரெஸ்யூமே ஏதோ ஒரு கமிட்டி மேஜைல இருந்துச்சு.

இன்னொரு நெலமையும் இப்ப சேந்துருக்கு. கமிட்டி தேர்ந்தெடுக்கற காலம் போய் ரப்பிங்க தேர்ந்தெடுக்கற காலம் வந்துருச்சு. கொரோனாவுக்கு அப்புறம் களைச்சுப் போய் நெறைய பேர் ஒதுங்கிட்டாங்க, படிக்க வர்ற பசங்களும் கம்மி, டிகிரிக்கு மேல வழக்கமா அஞ்சு வருஷம் படிக்கணும், அதுல முதல் வருஷம் ஜெருசலேம்ல. வைஸ் ஆரம்பிச்ச அதே காலேஜே 2022ல ஓட்டு போட்டு, சின்சினாட்டில ரப்பி பட்டம் குடுக்கறத 2026க்குள்ள நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணிருச்சு, நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் போதும்னு. அதனால சின்ன ஊர் சபைங்க விளம்பரம் போட்டுட்டு ஒரு அப்ளிகேஷன் கூட வராம உக்காந்திருக்கு. ஆனா ஹசிடிக்ங்கற தீவிர பக்தி மரபு யூதர்கள்ல ஹபாத்ங்கற குழு இந்த ஆட்டத்துலயே இல்ல, அவங்க இளம் ரப்பியையும் மனைவியையும் ஒரு ஊருக்கு அனுப்பி வெச்சிருவாங்க, ஆயுசு பூரா அங்கயே இருந்து சபைய உருவாக்கறது அவங்க பொறுப்பு. அங்க ரப்பிதான் சபையத் தேடறார்.

ரெஸ்யூமே வந்து, ஜூம்ல பேசி, கடைசில ரெண்டு மூணு பேரா சுருக்கி, அவங்கள ஆளுக்கு ஒரு வாரக்கடைசி வரவழைக்கிறாங்க பாருங்க, அங்கதான் கூத்து. நம்ம பொண்ணு பாக்குற படலமேதான், என்ன, இங்க பாக்க வர்ற கூட்டம் முந்நூறு பேரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷபாத்ங்கற வாராந்திர ஓய்வு நாள் தொழுகை நடத்தணும், பிரசங்கம் பண்ணணும், அப்புறம் எல்லாரோடயும் சாப்பாடு, சனிக்கிழமை காலைல தோரா வகுப்பு, மத்தியானம் போர்டோட சந்திப்பு, ராத்திரி யார் வீட்டுலயாவது காபி, ஞாயித்துக்கிழமை பசங்களோட ரிலிஜியஸ் ஸ்கூல். ஒவ்வொரு நிமிஷமும் எவனாவது பாத்துக்கிட்டே இருப்பான், எப்படி சாப்பிடறார், யார் பேர ஞாபகம் வெச்சுக்கறார், பாட்டு தெரியுமா, கூட வந்த கணவரோ மனைவியோ சிரிச்ச முகமா இருக்காங்களான்னு.

ஆர்த்தடாக்ஸ்ல இதுக்கு ப்ரோபான்னு பேரு. அங்க பிரசங்கம் மட்டும் பத்தாது, டால்முட் பாடம் ஒண்ணு எடுக்கணும், அப்புறம் ஜனங்க எழுந்து மதச்சட்டக் கேள்விங்க கேப்பாங்க, அங்கயே நின்னு பதில் சொல்லணும். இது எனக்கு ரிஃபார்ம் முறையவிட நேர்மையாத் தோணுது, ஏன்னா ஒரு நல்ல பிரசங்கத்த மெருகேத்தி மெருகேத்தி ஊர் ஊரா எடுத்துட்டுப் போகலாம், கேள்விக்குத் தயார் பண்ண முடியாது. அதே ஆர்த்தடாக்ஸ்ல ரப்பியோட மனைவியையும் பொம்பளைங்க தனியா உக்கார வெச்சு நைசா இன்டர்வியூ பண்ணிருவாங்க, சம்பளம் ஒருத்தருக்கு வேலை ரெண்டு பேருக்கு, அது எனக்குக் கொஞ்சமும் புடிக்கல.

இந்த ட்ரையல் பிரசங்க விஷயத்துல அமெரிக்காவுல பெருசா வெடிச்சது 1905 கடைசில. ஸ்டீஃபன் வைஸ்னு இன்னொரு வைஸ், ஐசக் வைஸுக்கும் இவருக்கும் சொந்தம் கிடையாது, அப்ப ஆரிகன்ல போர்ட்லண்டுல ரப்பி. நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூ டெம்பிள் எமானுவேல், பணக்கார ஜெர்மன் யூதர்களோட கோட்டை, அங்க வந்து பேசிக் காட்டுனார், எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. இவர் ஒரே ஒரு நிபந்தனை வெச்சார், மேடைல நான் என்ன பேசறேங்கறதுல யாரும் தலையிடக் கூடாது. போர்டு சார்பா லூயி மார்ஷல், பெரிய வக்கீல், பிரசங்க மேடை எப்பவுமே போர்டோட கட்டுப்பாட்டுக்குள்ளதான்னு எழுத்துலயே சொல்லிட்டார். அப்ப எனக்கு வேண்டாம்னு இவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிட்டு, 1907ல நியூயார்க்லயே ஃப்ரீ சினகாக்னு தனியா ஆரம்பிச்சார். ஒக்காற இடத்துக்குக் காசு கிடையாது, மேடைக்குக் கடிவாளம் கிடையாது. 1949ல சாகறவரைக்கும் அங்கயே இருந்து தொழிலாளர் பக்கம் நின்னு, ஊழல் அரசியல்வாதிங்களத் திட்டி, நெனச்சதெல்லாம் பேசுனார்.

இத எடுத்துச் சொல்றவங்க எல்லாரும் ஸ்டீஃபன் வைஸ ஹீரோவாத்தான் காட்டுவாங்க, ஆனா மார்ஷல் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு எனக்குப் படுது. இந்தக் கட்டடத்தக் கட்டுனவன் நான், என் பேர்ல நீ ஊருக்கு என்ன சொல்றேங்கறது எனக்குத் தெரிய வேண்டாமா? ஆனா அவர் ஒளிவுமறைவு இல்லாம எழுதிக் குடுத்தார் பாருங்க, அத மதிக்கிறேன். இன்னைக்குக் காண்ட்ராக்ட்ல மேடைச் சுதந்திரம்னு அழகா ஒரு பாரா இருக்கும், கூடவே மூணு வருஷத்துல புதுப்பிக்கற பாராவும் இருக்கும், ரெண்டாவது பாராதான் பேசும்.

அதே ஃப்ரீ சினகாக் பத்தி இன்னொண்ணு. 1972ல அமெரிக்காவுல முதல் பெண் ரப்பியா பட்டம் வாங்குன சாலி ப்ரீசேன்ட் முதல்ல வேலைக்குச் சேந்தது அங்கதான், உதவி ரப்பியா. மூத்த ரப்பி உடம்பு முடியாமப் போனப்ப அந்த எடம் இவங்களுக்குக் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் 1979ல வெளிய வந்துட்டாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் முழுநேர ரப்பியா எடுத்துக்க ஒரு சபை கிடைக்கல. 1981ல நியூஜெர்சில டின்டன் ஃபால்ஸ்ல மான்மவுத் ரிஃபார்ம் டெம்பிள்தான் எடுத்துச்சு, 2006ல ரிட்டயர் ஆகறவரை அங்கயே. கன்சர்வேட்டிவ் பிரிவுல முதல் பெண் ரப்பி 1985ல, ஏமி ஐல்பர்க். இப்ப ரிஃபார்ம்ல பெண் கேண்டிடேட் இல்லாத லிஸ்ட்டே அபூர்வம், ஆனாலும் ஜூம்ல கொழந்தை பெத்துக்கற பிளான் இருக்கான்னு கேக்கத் துடிக்கற கெழவர் ஒருத்தர் எல்லாக் கமிட்டிலயும் இருப்பாராம், கேட்டா சட்டப்படி வம்புன்னு முன்னாடியே ட்ரெய்னிங் குடுத்துருவாங்களாம்.

ரெஃபரன்ஸ் செக் கட்டத்துல ஒரு தமாஷ் உண்டு. முந்தின சபை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தா ரெண்டு அர்த்தம், உண்மையாவே நல்லவர், இல்லேன்னா எப்படியாவது கிளப்பி விடப் பாக்குறாங்க. டால்முட்ல யோமா பகுதில இதுக்கு ஒரு வரி இருக்கு, முதுகுக்குப் பின்னாடி ஒரு கூடை நிறைய ஊர்வன தொங்காத ஆள ஊருக்குத் தலைவரா வெக்காதேன்னு. அதாவது கடந்த காலத்துல ஏதாவது அசிங்கம் ஒட்டிக்கிட்டிருக்கணும், நாளைக்கு அவனுக்குத் தலைக்கனம் ஏறுனா கொஞ்சம் திரும்பிப் பாருப்பான்னு சொல்லலாம் இல்லையா. இன்னைக்கு எச்ஆர் ஆளுங்க யாரும் இப்படி ஒரு தகுதி எழுத மாட்டாங்க.

நான் படிச்சதுலயே ரொம்ப ரசிச்ச தேர்வுக் கதையும் டால்முட்லருந்துதான், பெராகோத் பகுதி. யாவ்னேங்கற பழைய ஊர்ல ரப்பான் கம்லியேல்னு அகாடமித் தலைவர், மகா கறார். ரப்பி யோசுவாங்கற பெரியவர எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சே அவமானப்படுத்திட்டார், கூட்டம் பொறுக்காம அவரப் பதவிலருந்து எறக்கிருச்சு. அடுத்து யாரு? யோசுவாவப் போடலாம்னா சண்டைல சம்பந்தப்பட்டவரே அவர்தான். அக்கிவாவப் போடலாம்னா குடும்பப் பெரும இல்ல. கடைசில எலாசார் பென் அசாரியா, அறிவாளி, பணக்காரர், எஸ்ராவோட வம்சத்துல பத்தாம் தலைமுறை. வயசு பதினெட்டு. அவர் உடனே சரின்னு சொல்லல, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னுட்டுப் போனார். மனைவி கேட்டாங்க, நாளைக்கு உங்களையும் இதே மாதிரி எறக்கிட்டா? வெலை ஒசந்த கோப்பைல இன்னைக்கு ஒரு நாளாவது குடிச்சுக்கறேன், நாளைக்கு ஒடஞ்சா ஒடயட்டும்னார். தலைல ஒரு நரை கூட இல்லையேன்னாங்க. அன்னைக்கே பதினெட்டு வரிசை முடி நரைச்சுப் போச்சாம். அவர் வந்த அன்னைக்கு வாசல்ல யாரையும் உள்ள விடாம நின்ன காவக்காரன எடுத்துட்டாங்க, பாடசாலைல 400 பெஞ்சு கூடப் போட வேண்டியிருந்துச்சு, இல்ல 700ன்னு இன்னொரு கணக்கு. பிற்பாடு கம்லியேல் மன்னிப்புக் கேட்டதும் புதுசா வந்தவரத் தூக்கிப் போடாம, மூணு வாரம் கம்லியேல் ஒரு வாரம் எலாசார்னு பிரிச்சுக்கிட்டாங்க.

பிரிட்டன்ல ஆர்த்தடாக்ஸ் சபைங்க பலதுக்கும் ஒரு தலைமை ரப்பி உண்டு, அங்க ஜனங்க ஆசைப்பட்டாலும் மேல ஒத்துக்கணும். லூயிஸ் ஜேக்கப்ஸ்னு ஒருத்தர், தோரா கடவுள் வாயால வார்த்தைக்கு வார்த்தை வந்ததுன்னு நம்ப முடியலன்னு எழுதிட்டார். லண்டன் நியூ வெஸ்ட் எண்ட் சினகாக் 1964ல எங்க பழைய ரப்பி அவர்தான் திரும்ப வேணும்னு கேட்டுச்சு, தலைமை ரப்பி இஸ்ரேல் பிரோடி முடியாதுன்னுட்டார், ஜனங்க நெறைய பேர் வெளிய வந்து நியூ லண்டன் சினகாக்னு அவருக்காகவே ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. ஆக மேலிடம் இருந்தாலும் சண்டை, இல்லாட்டியும் சண்டை.

நம்ம அந்தம்மா கமிட்டிக்கு வந்த கடைசி ரெண்டு பேர் கதைய அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாம சொல்றேன். ஒருத்தர் ஆண், நல்ல குரல், நல்ல சிரிப்பு, வெள்ளிக்கிழமை பிரசங்கத்துல பாதிப் பேர் கண்ணத் தொடச்சாங்க. இன்னொருத்தங்க பெண், போர்டோட உக்காந்த உடனே அவங்க கேட்ட முதல் கேள்வி, இந்தச் சபைல கடைசியா எதுக்குச் சண்டை வந்துச்சு, யாரு வெளிய போனா. யாரும் பதில் சொல்லல. அப்புறம் பிரசங்கத்துல, கேண்டிடேட்டுக்குக் குடுத்த பட்ஜெட்ட படிச்சுட்டு வந்து, சந்தா கட்ட முடியாதவங்க இங்க தள்ளுபடி கேக்கணும்னா ஒரு ஃபாரம் நிரப்பி ஒரு கமிட்டி முன்னாடி நிக்கணுமாமே, ஏழை கையேந்தற நெலமைக்கு வர்றதுக்கு முன்னாடியே குடுத்துறணும்னு தோரா சட்டம் சொல்லுதேன்னு கேட்டாங்களாம். பாத்துக்கோங்க, வேலை கேட்டு வந்த எடத்துல.

கமிட்டி ரெண்டா ஒடஞ்சுச்சு. அந்தம்மா இந்தப் பெண் பக்கம் நின்னாங்க, சத்தமாவே நின்னாங்க. ஆனா ஓட்டுல ஜெயிச்சது அந்த நல்ல குரல்காரர்தான். போர்டும் ஒத்துக்கிச்சு, சபைக் கூட்டத்துலயும் ஏகமனதாப் பாஸ் ஆச்சு. அவர் கெட்டவர் இல்ல, அந்தம்மாவுக்கே இப்ப அவரப் புடிச்சிருக்கு, அவங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப முதல் ஆளா வந்து நின்னார்னு சொல்றாங்க. அதுக்கு நான், போர்டு ஓட்டுப் போட்டு அனுப்பி வெச்சதான்னு கேட்டேன், அந்தப் பழைய ஜோக் அவங்களுக்கும் தெரியும், ஆஸ்பத்திரில படுத்திருக்க ரப்பியப் பாக்கத் தலைவர் வந்து, நீங்க சீக்கிரம் குணமாகணும்னு நம்ம போர்டு தீர்மானம் போட்டிருக்கு ரப்பி, ஏழுக்கு நாலுங்கற கணக்குல ஜெயிச்சுதுன்னு சொல்வாரே, அது.

சந்தாத் தள்ளுபடி ஃபாரம்? அது இன்னும் இருக்கு, ஆனா கமிட்டி முன்னாடி நிக்க வேண்டாம், பொருளாளருக்கு ஒரு ஈமெயில் போட்டாப் போதும்னு மாத்திட்டாங்க. புது ரப்பி சொல்லி இல்ல. வேலை கிடைக்காமத் திரும்பிப் போன அந்தப் பெண்ணோட பிரசங்கத்தக் கேட்ட ரெண்டு மெம்பருங்க அடுத்த போர்டு மீட்டிங்ல எழுந்து பேசிருக்காங்க. அந்தப் பெண்ணுக்கு வேற ஒரு மாகாணத்துல பெரிய சபை கிடைச்சுருச்சாம், ஆள் தட்டுப்பாட்டுக் காலத்துல அப்படிப்பட்டவங்கள எவ்ளோ நாள் சும்மா விட்டு வெப்பாங்க.

காண்ட்ராக்ட் மூணு வருஷம், வீட்டுச் செலவுக்குன்னு தனியாப் பிரிச்சுக் குடுக்கற தொகைக்கு இங்க வருமான வரி கிடையாது, அத வக்கீல் ரெண்டு வாரம் எழுதிட்டிருந்தார். அத விட இழுத்தது பழைய ரப்பி விவகாரம்தான். அவருக்கு எமரிட்டஸ்னு கௌரவப் பட்டம் குடுத்தாச்சு, ஆனா மனுஷன் அதே ஊர்லதான இருக்கார், எவன் வீட்டுல சாவு விழுந்தாலும் கை தானா அவர் நம்பருக்குத்தான் போகுது. புதுசா வந்தவர் கூப்பிடாம கல்யாணமோ அடக்கமோ எதுவும் நடத்தக் கூடாதுன்னு ரப்பிகள் சங்க ஒழுக்க விதியே இருக்கு, அது போக காண்ட்ராக்ட்லயும் எழுதிக்கிட்டாங்க. முதல் வருஷ யோம் கிப்பூருக்கு அவரும் வீட்டம்மாவும் கலிஃபோர்னியாவுல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க, ஃபோன எடுக்கவே இல்லயாம்.